இருநூற்றைம்பது வார்த்தைகளுக்குள்

டென்னி ஹார்ப்ஸ்டரின் இரண்டு காதுகளும் மடங்கி, தடித்து, காலிஃபிளவர் துண்டு போல இருக்கும். ஹூப்ளர் கேப் என்கிற அந்த மலையோர ஊரில் அப்படிப்பட்ட காதைப் பார்த்தால் என்ன ஆச்சு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த எடைப் பிரிவு என்றுதான் கேட்பார்கள். மல்யுத்தத்தில் மெத்தையோடு தேய்ந்து தேய்ந்து வந்த காது அது. டென்னி ஆறு வயதில் மெத்தை ஏறியவன்.

அவன் அப்பா நாற்பது மாடு வைத்துப் பால் கறந்தவர். கோபம் வந்தால் கறவை இயந்திரத்தின் பால் குழாயை உருவிக்கொண்டு வருவார். அது ரப்பர் குழாய், பட்ட இடம் மூன்று நாள் ஊதா நிறத்தில் இருக்கும். அக்கா ரோண்டா மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். டென்னி ஒளியமாட்டான். அடியை வாங்கிக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடப் பயிற்சியாளர் அவனைப் பார்த்த முதல் நாளே, இவனுக்கு வலி தெரியவில்லை, இவனை எனக்குக் கொடுங்கள் என்றார். அப்படித்தான் அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக டென்னி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த லாரல் ரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனான். மல்யுத்தத்துக்கு உதவித்தொகை.

அங்கே வீரர்கள் தங்கிய வீட்டுக்கு மஞ்சள் வீடு என்று பெயர். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை, முன்னாள் வீரர்கள் சேர்ந்து வாங்கிப்போட்டது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் கடைசியில் நன்றித் திருநாளுக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். வான்கோழியும் பூசணிப் பை என்கிற இனிப்புப் பண்டமும் தின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புவார்கள். திரும்பிய மதியமே முதலாம் ஆண்டுப் பையன்களை வீட்டின் அடித்தள அறைக்குக் கூட்டிப்போய் எடை பார்ப்பார்கள். அவனவன் பிரிவுக்கு மேல் எத்தனை பவுண்டு கூடியிருக்கிறதோ அத்தனை அடி. அதற்கு ஒரு பழைய தராசு இருந்தது. பால் கேன் நிறுக்கிற தராசு. முன்பு அங்கே இருந்த தராசு ரிப்பேர் என்றதும், டென்னிதான் அப்பாவின் கொட்டகையிலிருந்து அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். தானும் அதே அடித்தளத்தில் முதல் வருஷம் நான்கு அடி வாங்கியவன் என்ற பெருமை அவனுக்கு.

1996-இல் கோரி மஸ்ஸர் என்ற பையன் வந்து சேர்ந்தான். பதினெட்டு வயது. சிரித்த முகம். நூற்றுப் பதினெட்டுப் பவுண்டு பிரிவு. அவன் அம்மா பூசணிப் பை செய்வதில் கெட்டிக்காரி போலிருக்கிறது. டிசம்பர் முதல் தேதி தராசில் ஏறியபோது ஒன்பது பவுண்டு கூட இருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். கோரியும் சிரித்தான்.

அடித்தவன் ட்ரென்ட் ஐசன்ஹுத். நான்காம் ஆண்டு, அணித் தலைவன். குதிரைச் சேணத்து வார் ஒன்று வைத்திருந்தான், நுனியில் பித்தளைக் கொக்கி. கொக்கி இருக்கும் பக்கத்தைக் கையில் சுற்றிக்கொண்டு அடிப்பதுதான் வழக்கம். இரண்டு பேர் கைகளைப் பிடித்தார்கள், டென்னி கால்களைப் பிடித்தான். மூன்று அடி வரைக்கும் கோரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நான்காவதில் கத்தினான். ஐந்தாவதில் ட்ரென்டின் கை வியர்த்து வார் நழுவியது. எடுத்தவன் மாற்றிப் பிடித்துவிட்டான், கொக்கி இப்போது அடிக்கிற நுனியில். ஆறாவது அடியில் முதுகு கிழிந்து ரத்தம் டென்னியின் முழங்கையில் வழிந்தது. நிறுத்து என்று சொல்ல டென்னி வாயைத் திறந்தான். சொல்லவில்லை. ஏழாவதில் கோரி தலையைத் திருப்பினான்.

அந்தச் சத்தத்தை டென்னி அதற்கப்புறம் யாரிடமும் விவரித்ததில்லை. கோரியின் கால்கள் மட்டும் அவன் பிடிக்குள் ஒருமுறை விறைத்து, பிறகு துவண்டுபோனது அவன் கைக்கு ஞாபகம் இருந்தது.

டென்னிதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வெளியே உறைபனி. ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். ட்ரென்ட் வாசலில் நின்றபடி சொன்னது ஒரே வார்த்தை, "ஐஸ்." டென்னிக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஐஸில் வழுக்கிப் படிக்கட்டில் விழுந்தான் என்றான். போலீஸ் கேட்டது, அதையே சொன்னான். டீன் கூப்பிட்டுக் கேட்டார், அவருக்கும் அதே பதில். டீனுக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. கோரியின் வலது கண் போய்விட்டது. மயக்கம் தெளிந்ததும் கோரியும் ஐஸ் என்றுதான் சொன்னான்.

டென்னி அடுத்த பருவம் பாதியிலேயே படிப்பை விட்டான். ஒரு சாராயக்கடையில் யாரோ கோரியைப் பற்றிக் கேலி பேச, அவன் மூன்று பேரை அடித்துப் போட்டு, தானும் விலா உடைந்து கிடந்தான். அதற்குப் பிறகு இருபது வருஷம் ரெக்கவரி லாரி ஓட்டினான். பள்ளத்தில் விழுந்த கார்களைச் சங்கிலி போட்டு இழுப்பது தொழில். லாரி நிறுத்தும் யார்டின் அலுவலகத்தில் அக்கா ரோண்டா போன் எடுப்பாள். கல்யாணம் நான்கு வருஷம் நிலைத்தது. மனைவியை அவன் ஒரு அடிகூட அடித்ததில்லை, சுவரை அடிப்பான். சுவரில் எத்தனை ஓட்டை பார்க்க முடியும் என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

2018 பிப்ரவரியில் ஒரு காலை, சாப்பாட்டுக் கடையில் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தபோது, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை இருந்தது. ட்ரென்ட் ஐசன்ஹுத்தின் படம். பல்கலைக்கழக அறங்காவலர் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கு ஒன்பது இடம். வருஷத்துக்கு மூன்று இடத்துக்குத் தேர்தல். ட்ரென்ட் அதில் நிற்கப் போகிறான். மூன்று மாவட்டங்களுக்கு கான்கிரீட் போடுகிற ஆள் அவன், பணமும் பேரும் உண்டு. மஞ்சள் வீட்டைத் திறப்பேன் என்பதுதான் அவன் வாக்குறுதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனுக்கு அங்கே அடியில் மண்ணீரல் வெடித்ததால், வீரர்கள் அங்கே தங்கக்கூடாது என்று பல்கலைக்கழகம் வீட்டை மூட வைத்திருந்தது. திறப்பதா என்று குழு அந்த இலையுதிர் காலத்தில் ஓட்டெடுக்க இருந்தது. ஓட்டு எண்ணிக்கை ஏறக்குறைய சரிசமம். ட்ரென்ட் உள்ளே போனால் வீடு திறக்கும்.

அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஐஸில் வழுக்கிக் கண் இழந்த சக வீரனைத் தன் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் ட்ரென்ட்.

டென்னி அந்த அட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். முட்டையை முடிக்கவில்லை.

"நானும் நிக்கப் போறேன்," என்றான் ரோண்டாவிடம்.

"எதுல?"

"ட்ரஸ்டி போர்டுல."

ரோண்டா போனை வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பட்டமே வாங்கலியேடா. உள்ள போய் அவங்க காரையா இழுக்கப் போற?"

பட்டம் தேவையில்லை. இரண்டு பருவம் படித்திருந்தாலே முன்னாள் மாணவன். டென்னி ஐந்து பருவம் படித்தவன். ஐம்பது முன்னாள் மாணவர்கள் முன்மொழிந்தால் பெயர் வாக்குச்சீட்டில் ஏறும். டென்னி இருபது வருஷமாகப் பள்ளத்திலிருந்து இழுத்தவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தான். பல் டாக்டர், கணக்கு வாத்தியார், ரெண்டு நர்ஸ், ஒரு பாதிரியார். ஒவ்வொருவருக்கும் ரோண்டா போன் போட்டாள். ஐம்பத்து மூன்று கையெழுத்து வந்தது.

அடுத்தது வேட்பாளர் அறிக்கை. இருநூற்றைம்பது வார்த்தைக்குள் எழுதிக் கொடுத்தால் வாக்குச்சீட்டோடு சேர்த்து லட்சக்கணக்கான பேருக்கு மின்னஞ்சலில் போகும். டென்னி எழுதிய முதல் அறிக்கை ட்ரென்ட் ஐசன்ஹுத் ஒரு பொய்யன் என்று ஆரம்பித்தது. மூன்றே நாளில் தேர்தல் அலுவலகத்திலிருந்து திருமதி வால்க் என்கிற அம்மாள் கூப்பிட்டாள். பொறுமையான குரல். விதி ஏழின்படி வேட்பாளர் வேறு எந்த வேட்பாளரைப் பற்றியும் எழுதக்கூடாது, பெயர் இல்லாமல் ஜாடையாகச் சொன்னாலும் அந்த வரியை அடித்துவிடுவார்கள் என்றாள்.

டென்னி அப்படியானால் தான் எதைத்தான் எழுதுவது என்று கேட்டான்.

"உங்களைப் பத்தி எழுதுங்க சார். நீங்க என்ன செஞ்சீங்களோ அது. அதை யாராலயும் அடிக்க முடியாது."

அந்த அம்மாள் விதியைத்தான் சொன்னாள். போனை வைக்கும்போதே டென்னிக்குப் புரிந்தது. ட்ரென்டை அடிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி தன்னை அடிப்பதுதான். மறுநாள் எழுதி அனுப்பியது ஒரு வரிகூட வெட்டப்படாமல் ஏப்ரல் பத்தாம் தேதி வெளியானது.

'என் பெயர் டென்னி ஹார்ப்ஸ்டர். நான் பட்டம் வாங்கவில்லை. 1996 டிசம்பர் முதல் ஞாயிறு மதியம், மஞ்சள் வீட்டின் அடித்தளத்தில், பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் கால்களை நான் பிடித்துக்கொண்டேன். கூடிய எடையில் ஒரு பவுண்டுக்கு ஓர் அடி. தராசு என் அப்பாவுடையது, நான் கொண்டுவந்தது. நான் பிடித்திருந்ததால் அவனால் நகர முடியவில்லை. ஏழாவது அடியில் அவன் கண் போனது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் டீனிடமும் அவன் ஐஸில் விழுந்தான் என்றேன். நான் சொன்னது பொய். அந்த வீட்டைத் திறக்கும் தீர்மானத்துக்கு எதிராக நான் ஓட்டுப் போடுவேன். என்னிடம் வேறு தகுதி இல்லை.'

அடித்தவன் பெயர் அதில் இல்லை. 1996-இல் அணித் தலைவன் யார் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று பேர் யார்டுக்கு வந்தார்கள். அதில் இரண்டு பேர் அன்று கோரியின் கைகளைப் பிடித்தவர்கள். பேசவே இல்லை. ஒருவன் இரும்புக் குழாயால் லாரியின் முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். டென்னி ஓடிவந்தபோது குழாய் அவன் முழங்காலுக்குத் திரும்பியது. விழுந்தான். பூட்ஸ் கால்கள் விலாவிலும் காதிலும் இறங்கின. பழைய காது மறுபடி கிழிந்தது. அவன் ஒருவனுடைய கணுக்காலைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்து, கையில் அகப்பட்ட சுண்டுவிரலைப் பின்னால் மடித்தான். அது ஒடிந்த சத்தம் கேட்டதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. ரோண்டா அலுவலகத்திலிருந்து தீயணைப்புச் சிலிண்டரோடு வந்து மூன்று பேர் முகத்திலும் அடித்தாள். வெள்ளைப் பொடிக்குள் அவர்கள் இருமிக்கொண்டே ஓடினார்கள்.

ரோண்டா அவன் வாயிலிருந்து ஒரு பல்லை எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். எழுதும்போது இதெல்லாம் வரும் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். போலீசைக் கூப்பிடலாமா என்றாள். நான் போலீசிடம் கடைசியாகச் சொன்னதே பொய்தானே என்று சிரித்தான். சிரித்ததில் வாய் வழியாக ரத்தம் வந்தது.

ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை வசந்தகால கால்பந்து ஆட்டம். வாகன நிறுத்தப் புல்வெளியில் முன்னாள் மாணவர்கள் வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டு, காலையிலேயே பீர் குடிப்பார்கள். தீயணைப்பு வழியை மறித்து நின்ற ஒரு காரை இழுக்க டென்னிக்கு அழைப்பு வந்தது. நொண்டிக்கொண்டே போனான்.

அங்கே முப்பது நாற்பது மாணவர்கள், மஞ்சள் வீட்டைத் திறக்காதே என்ற பலகைகளோடு நின்றார்கள். முன்னால் நின்றவள் அமாயா ரீட், இரண்டாம் ஆண்டு, மாணவர் பத்திரிகையில் எழுதுகிறவள். மாணவர்களுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. அதனால் ஓட்டு உள்ளவர்களிடம் ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபத்தொன்றாம் வருஷம் படித்து முடித்த பெரியவர் ஒருவர், நாங்களும் அடி வாங்கினோம், அதனால்தான் வாழ்க்கையில் நின்றோம் என்றார். அவர் மனைவி, நீங்கள் அடி வாங்கியதை நாற்பது வருஷமாக நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு அதில் ஒரு பெருமையும் தெரியவில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மல்யுத்த அணிப் பையன்களிலேயே இரண்டு கட்சி. வீடு இல்லாமல் அணியே இல்லை என்றான் ஒருவன்.

அமாயா அவனுக்கும் அந்தப் பெரியவருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். "ஓட்டு உங்ககிட்ட இருக்கு. அடி எங்ககிட்ட வருது. கொஞ்சம் மாத்திப் பாப்போமா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ பீர் டப்பாவை எறிந்தார்கள். அது ஒரு பையனின் நெற்றியில் பட்டது. அவன் மடக்கு நாற்காலியைத் தூக்கினான். அவ்வளவுதான், புல்வெளி முழுக்கக் கைகலப்பு. ஐம்பது வயது ஆட்கள் இருபது வயதுப் பிள்ளைகளைக் கழுத்தைப் பிடித்துத் தரையில் தேய்த்தார்கள். ஓர் அடுப்பு கவிழ்ந்து நெருப்புக் கரி ஒருவன் காலுறைக்குள் போனது. அமாயாவின் உதடு கிழிந்திருந்தது. ஆனாலும் அவள் கையிலிருந்த போன் கீழே இறங்கவில்லை.

டென்னி சங்கிலியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ட்ரென்ட் எதிரில் நின்றான். கையில் இறைச்சி புரட்டும் இடுக்கி. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில்.

"என்னடா மாப்ளே, பாவமன்னிப்பா?" என்றான் ட்ரென்ட். "ஊர் பூரா அழுதுக்கிட்டே ஓட்டுப் போடுமாக்கும்."

டென்னி வழி விடச் சொன்னான்.

"நீ ரொம்ப யோக்கியன். கால விட்டிருந்தா அவன் ஓடியிருப்பான்ல? நீ பிடிக்கலேன்னா நான் எப்படிடா அடிச்சிருப்பேன்?"

சொன்ன பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான். மூன்றடி தூரத்தில், உதட்டில் ரத்தத்தோடு, அமாயா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ட்ரென்ட் அவளை நோக்கி இடுக்கியை ஓங்கினான். டென்னியின் முஷ்டி அதற்கு முன்னால் அவன் தாடையில் இறங்கியது. ஒரு அடியில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு போலீஸ்காரர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் வரைக்கும் அடித்தான். தூக்கும்போதுதான் ட்ரென்டின் கால்கள் உதறுவதைப் பார்த்தான்.

அமாயா போனில் எடுத்த படம் இரவுக்குள் இணையம் முழுக்கப் பரவியது, அதில் எல்லாம் இருந்தது. ட்ரென்ட் சொன்னதும் இருந்தது, டென்னி அடித்ததும் இருந்தது. ட்ரென்ட் வழக்குப் போடவில்லை. போட்டால் அந்தப் படம் நீதிமன்றத்தில் ஓடும். மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை மதியம் முடிவை அறிவித்தார்கள். ஏழு பேர் நின்றதில் ட்ரென்ட் நான்காவது, இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் இடத்தை இழந்தான். டென்னி ஆறாவது. வீடு திறக்காது என்று ரோண்டா சொன்னாள், அதற்காக ஒரு கேக் வாங்கி வந்திருந்தாள். டென்னி ஒரு துண்டு தின்றான். பல் போன பக்கம் வலித்தது.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஒரு சாம்பல் நிறக் கார் யார்டுக்குள் வந்தது. இறங்கியவனை டென்னிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை வழுக்கை, தபால்காரர் சட்டை. வலது கண் அசையவில்லை. அப்போதுதான் தெரிந்தது.

"கோரி," என்றான்.

கோரி மஸ்ஸர் சுற்றுமுற்றும் பார்த்தான். உடைந்த லாரிக் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தான். அவன் மெதுவாகத்தான் பேசினான். தனக்கு மனைவி இருக்கிறாள், பதினான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றான். இருவருக்கும் அவன் ஐஸ் கதையைத்தான் சொல்லியிருந்தான். ஒவ்வொரு குளிர்காலமும் மகள் வாசலில் உப்புத் தூவுவாள், அப்பா வழுக்கிவிடக் கூடாது என்று. இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அந்தப் படம் இருக்கிறது. எத்தனை அடி என்று அவளிடம் கேட்கிறார்கள். முதுகைக் காட்டுங்கள் அப்பா என்று அவள் அழுதிருக்கிறாள்.

ட்ரென்ட் உள்ளே போயிருந்தால் வீடு திறந்திருக்கும், வேறொரு பையன், என்று டென்னி தொடங்கினான்.

"அது சரி. அது சரியாத்தான் செஞ்ச," என்றான் கோரி. "என்னைக் கேட்டியா?"

ஐம்பத்து மூன்று பேரிடம் டென்னி கையெழுத்துக் கேட்டிருந்தான். திருமதி வால்க்கிடம் விதி கேட்டிருந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஒருவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

"இல்ல," என்றான்.

கோரி சட்டைக் கையை மடித்துவிட்டு முஷ்டியை வீசினான். நல்ல வேகம். ஆனால் டென்னியின் முகத்துக்கு அரை அடி முன்னாலேயே காற்றில் போயிற்று. கோரி தடுமாறி லாரியின் பக்கவாட்டில் மோதி நின்றான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. அவன் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது.

ரோண்டா ஜன்னலைத் திறந்து போலீசைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று டென்னி திரும்பாமலே கையைக் காட்டினான். பிறகு கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அரை அடி முன்னால் வந்து நின்றான்.

இரண்டாவது அடி மூக்கில் விழுந்தது. எலும்பு நொறுங்கி, கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்து, ரத்தம் சூடாக வாய்க்குள் இறங்கியது. டென்னி ஒரு முழங்காலில் சரிந்தான். கோரி தன் கையையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"எந்திரி," என்றான்.

டென்னி எழுந்து, கோரியின் கை எட்டும் அதே தூரத்தில் வந்து நின்றான்.